ஏமி ஜான்சனின் ராத்திரி வேலை

எங்கள் பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும் அப்பா முதலில் பிளக்கைத்தான் கழற்றிப் பார்ப்பார். வந்தவர் சைலன்சர் சத்தம் என்று சொல்லியிருப்பார், கிளட்ச் பிடிக்கவில்லை என்று சொல்லியிருப்பார். அதெல்லாம் அப்புறம். பிளக்கின் நுனி கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. வெளுத்துப் போயிருந்தால் போதவில்லை. காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் இன்ஜின் சுகமாக இருக்கிறது. எட்டு வயதில் நான் கற்றுக்கொண்ட முதல் தொழில் பாடம் இது. உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி, இடைவெளி பார்த்து, நூல் பிசகாமல் கையாலேயே சுற்றி ஏற்றி, கடைசி அரைச் சுற்றுக்கு மட்டும் ஸ்பேனர் போட வேண்டும். எடுத்தவுடன் ஸ்பேனரை மாட்டினால் மரை போய்விடும்.

ஏமி ஜான்சனைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது இந்தப் பிளக்தான். 1930 மே மாதம், 26 வயதில், ஒரு சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் போனார். அவரைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரி தெரியும்: இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண். பகல் முழுக்கப் பறந்துவிட்டு, இறங்கிய ஊரில் எல்லோரும் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் அவர் என்ன செய்தார் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்ஜின் மூடியைத் திறந்து, பழைய ஆயிலை இறக்கி, பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, மறுநாளைக்கான பெட்ரோலை வடிகட்டி ஊற்றிக்கொண்டிருந்தார். சில இரவுகளில் அவருக்குக் கிடைத்த தூக்கம் மூன்று மணி நேரம்தான்.

நான் எழுத வந்தது அந்த ராத்திரி வேலையைப் பற்றி.

ஏமி பிறந்தது 1903 ஜூலை 1, வடக்கு இங்கிலாந்தின் துறைமுக ஊரான ஹல்லில். அப்பா மீன் வியாபாரி. நான்கு பெண் பிள்ளைகளில் மூத்தவர். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். பட்டம் வாங்கியும் கிடைத்தது டைப் அடிக்கிற வேலைதான். லண்டனுக்குப் போய் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தார். பல வருடங்களாக நேசித்த ஒருவர் வேறு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட வருடம் 1928. பறக்கப் போனதும் அதே வருடம்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் மனசு உடைந்தவர்கள் எல்லோரும் கார்புரேட்டரைப் பிரித்துப் பார்க்கக் கிளம்புவதில்லை. அவருக்குள் வேறு ஏதோ இருந்திருக்கிறது.

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஸ்டாக் லேன் என்ற விமானத்தளம். டி ஹாவிலண்ட் கம்பெனியின் தொழிற்சாலையும் அங்கேதான், லண்டன் ஏரோப்பிளேன் கிளப்பும் அங்கேதான். 1928 செப்டம்பரில் ஏமி முதல் பாடத்துக்குப் போனார். அவர் இயல்பிலேயே கைவந்த பைலட் இல்லை. மற்றவர்கள் எட்டு, பத்து மணி நேரப் பயிற்சியில் தனியாகப் பறந்துவிடுவார்கள். ஏமிக்கு ஏறக்குறைய பதினாறு மணி நேரம் ஆனது. இறங்குவதுதான் கடைசி வரை அவருக்குச் சரியாக வரவில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கிளப்பின் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், அவருக்கு வேறு ஒரு இடம் கிடைத்தது. தலைமை மெக்கானிக் ஜாக் ஹம்ஃப்ரீஸ் அவரை உள்ளே விட்டார். ஆபீஸ் போவதற்கு முன் விடியற்காலையில் வருவார், வேலை முடிந்து மறுபடியும் வருவார். தரை கூட்டினார், ஆயில் படிந்த பாகங்களைக் கழுவினார், பிறகு மெல்ல மெல்ல ஸ்பேனர் பிடித்தார். ஹேங்கர் ஆட்கள் அவரை 'ஜானி' என்று கூப்பிட்டார்கள். ஒரு பட்டறை ஒருவருக்குத் தன் பாணியில் பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டால் அவர் உள்ளாள் ஆகிவிட்டார் என்று அர்த்தம். எனக்குத் தெரியும்.

1929 ஜூலையில் பைலட் உரிமம் வந்தது. தங்கை ஐரீன் தன் உயிரை மாய்த்துக்கொண்டதும் அதே மாதம்தான். அதற்குப் பிறகு ஏமி டைப் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் ஹேங்கரிலேயே இருந்தார். அந்த டிசம்பரில் தரைப் பொறியாளருக்கான 'சி' உரிமம் வாங்கினார். பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் அவர். 'சி' உரிமம் என்றால், விமானம் கிளம்பும் முன் இன்ஜினைச் சோதித்து, இது பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் அதிகாரம். இன்னொருவர் உயிருக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கிற கையெழுத்து அது. பைலட் உரிமத்தைவிட இது பெரிய காரியம் என்பேன். வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எனக்கும் இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு சர்வீஸ் சென்டருக்கு வேலை கேட்டுப் போனேன். சான்றிதழ்களைப் பார்த்தார்கள், மார்க்கைப் பாராட்டினார்கள், பிறகு முன்னால் பில் போடுகிற இடத்தில் உட்காரச் சொன்னார்கள். "உள்ள எல்லாம் பசங்க இருக்காங்க, உங்களுக்கு ஒத்து வராதும்மா" என்றார் அங்கிருந்த மேனேஜர், நல்ல மனதோடுதான். நான் திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்து, பழனி ரோட்டில் இருக்கும் அப்பாவின் பட்டறையிலேயே நின்றுவிட்டேன். பதினோரு வருடம் ஆகிறது. இன்றைக்கும் வண்டியை நிறுத்திவிட்டு "அப்பா இல்லையா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஜாக் ஹம்ஃப்ரீஸ் ஏமியை ஹேங்கருக்குள் விட்டார் என்ற வரியை நான் ஏன் திரும்பத் திரும்பப் படித்தேன் என்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, ஆஸ்திரேலியாவுக்கு வருவோம்.

1928-ல் பெர்ட் ஹிங்க்லர் என்ற ஆஸ்திரேலியர் லண்டனிலிருந்து டார்வினுக்குத் தனியாகப் பறந்து பதினைந்தரை நாளில் போய்ச் சேர்ந்திருந்தார். அதை முறியடிக்க வேண்டும் என்று ஏமி கிளம்பினார். அதுவரை அவர் மொத்தமாகப் பறந்தது ஏறக்குறைய 85 மணி நேரம். அதிகபட்ச தூரம் லண்டனிலிருந்து சொந்த ஊர் ஹல் வரை. கடலுக்கு மேல் பறந்ததே இல்லை. பணமும் இல்லை. பிரிட்டனின் சிவில் விமானத்துறைத் தலைவர் செஃப்டன் பிராங்கருக்குக் கடிதம் எழுதினார். அவர் மூலமாக காஸ்ட்ரோல் ஆயில் முதலாளி வேக்ஃபீல்டு பிரபு பழக்கமானார். விமானத்தின் விலை 600 பவுண்டு. பாதியை வேக்ஃபீல்டு கொடுத்தார், வழியெல்லாம் பெட்ரோலும் ஆயிலும் கிடைக்க ஏற்பாடு செய்தார். மறுபாதி அப்பாவின் மீன் வியாபாரத்துப் பணம். அந்த வியாபாரத்தின் முத்திரைப் பெயர் 'ஜேசன்'. ஏமி தன் விமானத்துக்கும் அதையே வைத்தார். மீன் பெட்டிகளில் இருந்த பெயர் விமானத்தின் பக்கவாட்டில் ஏறியது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

விமானம் ஜிப்ஸி மாத். செகண்ட் ஹேண்ட். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய இரட்டை இறக்கைகள், கூரை இல்லாத இருக்கை, 100 குதிரைத்திறன் உள்ள நான்கு சிலிண்டர் இன்ஜின். காற்றால் குளிர்வது, ஆகவே ரேடியேட்டர் தொல்லை இல்லை. வேகம் மணிக்கு 130, 140 கிலோமீட்டர். இன்றைக்கு நான்கு வழிச்சாலையில் கார்கள் அந்த வேகத்தில் போகின்றன. ரேடியோ கிடையாது. வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டுக்கொண்டார். முன் இருக்கை இருந்த இடத்தில் கூடுதல் பெட்ரோல் டேங்க். மேல் இறக்கையில் இருக்கும் டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தானாக இறங்கும், ஆனால் கூடுதல் டேங்கிலிருந்து மேலே ஏற்றுவதற்குக் கையால் பம்ப் அடிக்க வேண்டும். அடிக்கும்போது பெட்ரோல் வாடை முகத்தில் அடித்துக் குமட்டும். பறக்கிற நேரம் முழுக்க இதுவும் ஒரு வேலை. பக்கவாட்டில் உபரியாக ஒரு ப்ரொப்பெல்லரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அதைக் கட்டும்போது பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். எட்டே நாளில் அதற்கு வேலை வந்தது.

1930 மே 5, காலை. குரோய்டன் விமானத்தளத்தில் வழியனுப்ப அவர் அப்பாவும் சில நண்பர்களும்தான். முதல் நாள் வியன்னா. இரண்டாம் நாள் கான்ஸ்டான்டிநோபிள். மூன்றாம் நாள் துருக்கியின் டாரஸ் மலைகளுக்குள் மேகம் சூழ்ந்து, பாறைச் சுவர்களுக்கு நடுவே ரயில் பாதையைக் கண்ணில் விடாமல் பிடித்துக்கொண்டு அலெப்போ போய்ச் சேர்ந்தார்.

நான்காம் நாள் பாக்தாத் போகும் வழியில் மணல் புயல். கண் தெரியாமல் பாலைவனத்தில் இறங்கினார். காற்று விமானத்தையே உருட்டிக்கொண்டு போனது. பெட்டிகளை இறக்கிச் சக்கரங்களுக்கு அடைகொடுத்தார். அடுத்து அவர் செய்ததைத்தான் நான் கவனித்தேன்: மணல் உள்ளே போகாமல் இருக்க, அந்தக் காற்றோடு மல்லுக்கட்டி இன்ஜினுக்கு உறை போட்டுக் கட்டினார். அப்புறம்தான் தன்னைப் பார்த்துக்கொண்டார். விமானத்தின் வாலில் உட்கார்ந்து, கையில் துப்பாக்கியோடு மூன்று மணி நேரம். எங்கோ நாய்கள் குரைக்கிற சத்தம் வேறு. காற்று அடங்கியதும் உறையை அவிழ்த்து, இன்ஜினைக் கிளப்பி, பாக்தாத் போய் இறங்கினார். இறங்கும்போது சக்கரத்தைத் தாங்கும் கம்பி ஒடிந்தது. அங்கிருந்த விமானப்படை மெக்கானிக்குகள் ராத்திரியே அதைச் சரிசெய்து கொடுத்தார்கள்.

அடுத்து பந்தர் அப்பாஸ். அதற்கு அடுத்து கராச்சி. தேதி மே 10. ஆறு நாளில் இந்தியாவைத் தொட்டுவிட்டார், ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முன்னால். அதுவரை கண்டுகொள்ளாத பத்திரிகைகள் எல்லாம் ஒரே ராத்திரியில் விழித்துக்கொண்டன. 'டைப்பிஸ்ட் பெண்' பறக்கிறாள் என்று எழுதினார்கள். டைப்பிஸ்ட் வேலையை விட்டு மாதங்கள் ஆகியிருந்தன. இன்ஜினுக்குக் கையெழுத்துப் போடும் உரிமம் அவர் கையில் இருந்தது. ஆனாலும் டைப்பிஸ்ட்தான் செய்தியானார்.

கராச்சியிலிருந்து அலகாபாத் போக நினைத்தவருக்கு எதிர்க்காற்றில் பெட்ரோல் தீர்ந்துகொண்டே வந்தது. ஜான்சியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். நல்ல வெயில். சிப்பாய்கள் சிதறி ஓட, விமானம் கட்டடங்களுக்கு நடுவே போய்ச் சிக்கி நின்றது. இறக்கையில் அடி. அங்கேயே ஒட்டுப்போட்டுக்கொண்டு மறுநாள் கல்கத்தா.

மே 13. இந்த நாளில் கொஞ்சம் நிற்கிறேன்.

கல்கத்தாவிலிருந்து ரங்கூன். நடுவே பர்மாவின் அரக்கான் மலைகள், அதற்கு மேல் மழை மேகம். ரங்கூன் குதிரைப் பந்தய மைதானத்தில் இறங்க வேண்டும். மழைத் திரைக்குள் தேடித் தேடி, அதுதான் என்று நினைத்து ஒரு மைதானத்தில் இறக்கிவிட்டார். அது ரங்கூனுக்கு வெளியே இன்சீன் என்ற ஊரில், ஒரு தொழில்நுட்பப் பயிற்சிப் பள்ளியின் விளையாட்டு மைதானம். கால்பந்து கோல் கம்பங்களைத் தாண்டி ஓடி, கோடியில் இருந்த பள்ளத்தில் மூக்கு குத்தியது ஜேசன். ப்ரொப்பெல்லர் உடைந்தது. சக்கரத் தாங்கி போயிற்று. டயர் கிழிந்தது. கீழ் இறக்கையின் விலா எலும்புகள் நொறுங்கிப் போயின. விலா எலும்பு என்றுதான் அதற்குப் பெயர், இறக்கைக்குள் வரிசையாக நின்று துணிக்கு வடிவம் கொடுக்கும் மரச்சட்டங்கள்.

நூறு மைதானங்களில் இறங்கியிருக்கலாம். அவர் போய் விழுந்தது ஒரு தொழிற்பள்ளியின் வாசலில். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்த வாத்தியார்களும் மாணவர்களும் வேலையில் இறங்கினார்கள். நொறுங்கிய விலாக்களை எடுத்து வைத்து, அதே அளவில் புதிதாக மரத்தில் செய்தார்கள். கம்பிகளை நிமிர்த்தினார்கள். அடுத்த பிரச்சினை துணி. விமான இறக்கைக்குக் கிடைக்கிற துணியைப் போட முடியாது, நெருக்கமாக நெய்த லினன் வேண்டும். முதல் உலகப் போர் முடிந்தபோது மிச்சமான விமானத் துணி மலிவாக அந்தப் பக்கம் விற்பனைக்கு வந்திருக்கிறது, அதை வாங்கிச் சட்டை தைத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டைகளைக் கொண்டுவந்து பிரித்தார்கள். மனிதர்கள் உடம்பிலிருந்து துணி மறுபடியும் இறக்கைக்குப் போனது. அதன் மேல் 'டோப்' என்ற ஒரு வார்னிஷ் பூச வேண்டும், அதுதான் காயக் காயத் துணியை மத்தளத் தோல் மாதிரி இழுத்துப் பிடிக்கும். அதை ஊரிலிருந்த மருந்துக் கலவைக்காரர் ஒருவர் கலந்து கொடுத்தார். ஏமி இன்ஜினைப் பார்த்துக்கொண்டார். பக்கவாட்டில் கட்டியிருந்த உபரி ப்ரொப்பெல்லரை அவிழ்த்து மாட்டினார்கள்.

இரண்டு நாளுக்கு மேல் போய்விட்டது. சாதனை அங்கேயே கைநழுவியது. மே 16 அன்று ஜேசன் மறுபடியும் கிளம்பி பாங்காக் போனது.

பயிற்சிப் பள்ளிப் பையன்கள் தங்கள் கையால் செருகிய விலாக்கள் மேலே பறந்து போவதை மைதானத்தில் நின்று பார்த்திருப்பார்கள். நான் டிப்ளமோ படித்தபோது எங்களுக்குக் கிடைத்தது ஓடாத ஒரு அம்பாசடர் இன்ஜின். ஆறு செமஸ்டரும் அதையே பிரித்துப் பிரித்துச் சேர்த்தோம். அதற்கே ஒரு நாள் உயிர் வந்தபோது வகுப்பு முழுக்கக் கத்தினோம். இன்சீன் பையன்களின் அன்றைய நெஞ்சை என்னால் கற்பனை செய்ய முடிகிறது.

அதன்பின் சிங்கோரா, சிங்கப்பூர். ஜாவாவில் மோசமான வானிலைக்குத் தப்பி ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்க, அங்கே நட்டு வைத்திருந்த மூங்கில் குச்சிகள் இறக்கைத் துணியைக் குத்திக் கிழித்தன. காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு அடுத்த ஊர் போனார். திமோர் தீவில் குறித்த இடம் தெரியாமல், இருட்டும் நேரத்தில் கரையான் புற்றுகள் நிறைந்த ஒரு வெளியில் இறங்கினார். செய்தி எதுவும் வராததால் உலகம் அவரைக் காணவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தது.

மே 24. திமோரிலிருந்து டார்வின், 500 மைல், முழுக்கக் கடல். சுறா நிறைந்த கடல் என்பார்கள். கீழே எங்கே இறங்குவது என்ற கேள்விக்கே இடமில்லை. நடுவழியில் ஷெல் கம்பெனியின் எண்ணெய்க் கப்பல் ஒன்று அவரைப் பார்த்துவிட்டு ரேடியோவில் தகவல் சொன்னது. பிற்பகல் மூன்றரை மணி சுமாருக்கு டார்வினில் இறங்கினார். 11,000 மைல், பத்தொன்பதரை நாள். ஹிங்க்லரைவிட நான்கு நாள் அதிகம். சாதனை போச்சே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. உலகத்துக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

வழி நெடுக அந்த ராத்திரி வேலை நடந்தது. பெட்ரோலை மெல்லிய பதப்படுத்திய தோல் வழியாக வடிகட்டுவார். அந்தத் தோலில் பெட்ரோல் ஒருமுறை ஊறிவிட்டால், பெட்ரோல் மட்டும் இறங்கும், தண்ணீரும் தூசியும் மேலேயே நிற்கும். டின் டின்னாக அப்படி வடிகட்டி ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? ஒரு பைக் டேங்குக்கே பொறுமை போகும். அவர் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடுகிற இன்ஜினுக்கு, காது அடைத்து, முகம் வெயிலில் உரிந்த நிலையில் அதைச் செய்தார்.

இதை எல்லாம் ஒரு மழை நாள் சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். வேலை இல்லாத நாள். அப்பா ஒரு டிவிஎஸ் 50-இன் பிளக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இறங்கும்போது அங்கங்க உடைச்சிருக்கு. சரி. அந்தக் கடைசிக் கடல் மேல இன்ஜின் நின்னுச்சா?"

"நிக்கலைப்பா."

"அப்ப அந்தப் பொண்ணுக்குக் கை சுத்தம்."

எங்கள் தொழிலில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

பிறகு வந்த புகழை நான் வேகமாகக் கடக்கிறேன். பிரிஸ்பேனில் இறங்கும்போது வேலியைத் தாண்டிப் போய் ஜேசன் குப்புறக் கவிழ்ந்தது. டெய்லி மெயில் பத்திரிகை 10,000 பவுண்டு கொடுத்து ஊர் ஊராகச் சுற்றச் சொன்னது. ஆகஸ்டில் லண்டன் திரும்பியபோது குரோய்டனிலிருந்து ஊருக்குள் வரும் சாலை முழுக்க ஜனம். மே மாதம் அதே இடத்தில் வழியனுப்ப வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உடம்பும் மனசும் தாங்காமல் பாதியில் அந்தச் சுற்றுப்பயணத்தை விட்டுவிட்டார். கடிதம் படித்து உதவி செய்த பிராங்கர், அந்த அக்டோபரில் ஆர்101 ஆகாயக் கப்பல் பிரான்ஸில் விழுந்து எரிந்தபோது இறந்துபோனார்.

1931-ல் டோக்கியோவுக்குப் பறந்தார். இந்தத் தடவை கூட ஒருவரை அழைத்துப் போனார். உலகப் புகழ் வந்துவிட்டது, யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம். அவர் கூப்பிட்டது ஜாக் ஹம்ஃப்ரீஸை. தனக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரை. லண்டனிலிருந்து மாஸ்கோவுக்கு ஒரே நாளில் போன முதல் விமானம் அவர்களுடையதுதான்.

1932-ல் ஜிம் மாலிசன் என்ற இன்னொரு பைலட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். அதே வருடம் லண்டன் - கேப்டவுன் வழியில் கணவரின் சாதனையையே பத்து மணி நேரத்துக்கு மேல் வித்தியாசத்தில் முறியடித்தார். 1938-ல் விவாகரத்து. பத்திரிகைகள் இந்தக் கல்யாணத்தை மென்று தின்றன. எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 1934-ல் ஒரு பெரிய விமானப் போட்டி நடந்தது. ஏமியும் மாலிசனும் 'பிளாக் மேஜிக்' என்ற இரட்டை இன்ஜின் விமானத்தில் சீறிக் கிளம்பி, கராச்சிக்கு வரும்போது முன்னணியில் இருந்தார்கள். அப்புறம் வழி தவறி ஜபல்பூரில் இறங்கினார்கள். அங்கே விமானப் பெட்ரோல் இல்லை. பஸ் கம்பெனி ஒன்று வைத்திருந்த சாதாரணப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அழுத்தம் அதிகமுள்ள பந்தய இன்ஜின் அந்தப் பெட்ரோலைத் தாங்காது. நேரத்துக்கு முன்பே வெடித்து, தட்டி, பிஸ்டனைத் தின்றுவிடும். அலகாபாத்தோடு போட்டி முடிந்தது. நான்கு வருடம் முன்பு ஒவ்வொரு சொட்டையும் தோலில் வடிகட்டியவர் அந்தப் பெட்ரோல் டேங்கில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதன் விளைவு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அதே 1934-ல் பிரிட்டனின் பெண் பொறியாளர் சங்கத்துக்குத் தலைவரானார், 1937 வரை இருந்தார். சாதனைப் பட்டியல்களில் இதை ஓரமாகப் போடுவார்கள். நான் போட்டால் மேலே போடுவேன்.

சாதனைக் காலம் முடிந்த பிறகு, வயிற்றுப்பாட்டுக்கு வேலை தேட வேண்டியிருந்தது. 1939-ல் போர்ட்ஸ்மத்துக்கும் வைட் தீவுக்கும் நடுவே ஆட்களை ஏற்றி இறக்குகிற சின்ன விமானத்தின் பைலட்டாக இருந்தார். ஒரு நாளில் பல தடவை, சில நிமிடப் பயணம். போர் வந்தது. தொழிற்சாலைகளிலிருந்து படைத்தளங்களுக்கு விமானங்களை ஓட்டிச் சேர்க்கும் துணைப்படையில் 1940 மே மாதம் சேர்ந்தார். பெண்கள் பிரிவின் தலைவி பாலின் கோவர், அவரும் ஸ்டாக் லேன் காலத்துத் தோழிதான். பெண் பைலட்டுகளுக்கு அப்போது ஆண்களைவிடச் சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 1943-ல்தான் சமமாக்கினார்கள். ஏமி அதைப் பார்க்கவில்லை.

1941 ஜனவரி 5. ஏர்ஸ்பீடு ஆக்ஸ்ஃபோர்டு என்ற இரட்டை இன்ஜின் விமானத்தை ஆக்ஸ்ஃபோர்டு ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கிட்லிங்டனில் கொண்டுபோய் விட வேண்டும். பிளாக்பூலில் தங்கை வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, நண்பகலுக்குச் சற்று முன் கிளம்பினார். கீழே மேகம், பனி. ரேடியோ கிடையாது, துணைப்படையில் யாருக்கும் கிடையாது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம். மூன்றரை மணிக்கு மேல் ஆகி, போக வேண்டிய இடத்துக்கு நூறு மைல் தள்ளி, தேம்ஸ் நதி கடலில் கலக்கிற இடத்தில், ஹெர்ன் பே கரைக்கு வெளியே அவர் பாராசூட்டில் இறங்குவதைப் போர்க்கப்பல்களில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பெட்ரோல் தீர்ந்தது என்று ஒரு கணக்கு, பிரிட்டிஷ் ஆட்களே தவறுதலாகச் சுட்டுவிட்டார்கள் என்று வேறு கணக்கு. எண்பது வருடமாகப் பேசுகிறார்கள்.

ஹாஸில்மியர் என்ற கப்பல் அருகே வந்தது. ஜனவரி மாதத்துக் கடல், பனி பெய்துகொண்டிருந்தது. கயிறு வீசினார்கள், அவரால் பிடிக்க முடியவில்லை. கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெட்சர் தண்ணீரில் குதித்தார். அந்தக் குளிரில் அவரும் உயிர் பிழைக்கவில்லை. ஏமியின் உடல் கடைசி வரை கிடைக்கவே இல்லை. வயது 37. கடலில் மிதந்த அவர் பையை எடுத்தார்கள், அதற்குள் அவருடைய பறப்புக் கணக்குப் புத்தகம் இருந்தது.

ஜேசன் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் கூரையிலிருந்து தொங்குகிறது, பச்சை நிறத்தில். நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். படத்தைப் பெரிதாக்கி இன்ஜின் மூடியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த மழை நாளில் இந்தக் கடைசிப் பகுதியையும் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"குதிச்சார்ல ஒருத்தரு, அவரு பேரு என்ன சொன்ன?"

"வால்டர் ஃபிளெட்சர்."

"ஃபிளெட்சர்" என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். அப்புறம் பிளக்கை எடுத்து, ஊதிவிட்டு, கையாலேயே சுற்றி ஏற்ற ஆரம்பித்தார்.